கெய்ரோவுல ஒரு வழக்கு எந்த வாசலுக்குப் போகும்? காஜி, முஹ்தஸிப், சுல்தான் பத்தி ஒரு ஆரம்ப விளக்கம்

எங்க தாத்தா வக்கீல் குமாஸ்தாவா இருந்தவர். சின்ன வயசுல அவர் பேச்சைக் கேட்டா ஆஜர், தாக்கல், ஜாமீன், ஜப்தி, பைசல், ரத்து, அசல், நகல், அமீனான்னுதான் காதுல விழும், இதெல்லாம் நம்ம ஊர் வார்த்தைன்னுதான் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது இது அத்தனையும் அரபு வேர்ல இருந்து கிளம்பி பாரசீகம், உருது வழியா நம்ம கோர்ட்டுக்கு வந்து சேர்ந்ததுன்னு. வக்கீல்ங்கறதே அரபு வார்த்தைதான், இன்னொருத்தர் சார்பா நிக்கறவர்னு அர்த்தம். அந்த வார்த்தைங்க பொறந்த காலத்து கோர்ட்டு எப்படி இருந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சதுல தெரிஞ்சுகிட்டத இங்க எழுதறேன். சட்டமோ அரபோ தெரியாதவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம். "இஸ்லாமிய அரசு"ன்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஒரே படம்தான் மனசுல வருது, சிம்மாசனத்துல ஒரு சுல்தான், பக்கத்துல தாடி வெச்ச ஒரு காஜி, அதாவது நீதிபதி, சுல்தான் கண்ணைக் காட்டினா காஜி தலையை வெட்டச் சொல்லுவாரு. நிஜத்துல அது ஒரே ஆபீஸ் கெடையாது, தனித்தனியா பல வாசல் இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எல்லை இருந்துச்சு, அந்த எல்லைக்காக அவங்களுக்குள்ளயே சண்டையும் நடந்துச்சு. 1000 வருஷத்தையும் ஒரே கட்டுரையில அடக்க முடியாது, அதனால 1250-ல இருந்து 1517 வரைக்கும் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் அரசை எடுத்துக்கறேன். தலைநகர் கெய்ரோ. மம்லூக்குங்க அடிமையா வாங்கி வரப்பட்டு, போர்ப்பயிற்சி குடுத்து, படிப்படியா மேல வந்த குதிரைப்படை வீரங்க, பேசறது துருக்கி மொழி. கீழ ஊர் ஜனங்க பேசறது அரபு. இத ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி ரொம்ப உதவும்.

இப்போ அடிப்படைக்கு வருவோம். சட்டத்தை யார் எழுதினாங்க? சுல்தான் இல்ல. இந்த ஒண்ணு புரிஞ்சுட்டா பாதி புரிஞ்சுட்ட மாதிரி. குர்ஆன், ஹதீஸ் (நபியோட சொல், செயல் பத்தின பதிவுங்க) ரெண்டையும் வெச்சு இதுக்கு இது தீர்ப்புன்னு வாதாடி, எழுதி, பாடம் நடத்தி சட்டத்தை வளர்த்தவங்க அறிஞருங்க, அவங்கள ஃபகீஹ்னு சொல்லுவாங்க. அவங்கள்ல ஒவ்வொரு பெரிய ஆசிரியர் வழியா ஒரு மரபு உருவாச்சு, அதுதான் மத்ஹப். ஷாஃபி, ஹனஃபி, மாலிகி, ஹன்பலின்னு நாலு நெலச்சு நின்னுச்சு. சுல்தான் ஒருத்தரை காஜியா போடலாம், பிடிக்கலன்னா தூக்கலாம், ஆனா அந்த காஜி எந்த சட்டப்படி தீர்ப்பு சொல்லணும்னு எழுதறது சுல்தான் கையில இல்ல. அந்தப் புத்தகம் அவர் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதப்பட்டது.

அதனாலதான் ஆரம்ப காலத்துல நல்ல அறிஞருங்க பலர் காஜி வேலைன்னாலே ஒதுங்கிப் போனாங்க. ஹனஃபி மரபுக்கே பேர் குடுத்த அபூ ஹனீஃபா, அப்பாஸிய கலீஃபா மன்சூர் கூப்பிட்டும் வேலைக்கு வரமாட்டேன்னுட்டாரு, அதுக்காக சிறையில போட்டாங்கன்னும் 767-ல அங்கயே இறந்தாருன்னும் மரபுல சொல்றாங்க. ஆனா அவரோட மாணவர் அபூ யூசுஃப், பின்னாடி வந்த கலீஃபா ஹாரூன் அல்-ரஷீத் காலத்துல அந்தப் பொறுப்பை ஏத்துகிட்டாரு, முதல் "காழி அல்-குளாத்", அதாவது காஜிகளுக்கெல்லாம் காஜி. தமிழ்நாட்டுல ரம்ஜான் பிறையை அறிவிக்கற தலைமை காஜியோட பட்டம் அந்தப் பதவியோட தூரத்துப் பேரன்தான்.

சரி, கெய்ரோ. மம்லூக் ஆட்சி தொடக்கத்துல அங்க ஒரே ஒரு தலைமை காஜி, ஷாஃபி மரபுக்காரர், இப்னு பின்த் அல்-அஅஸ்ஸ்னு பேரு, ரொம்ப கறார். மத்த மரபுப்படி துணை காஜிங்க தீர்ப்பு எழுதினா இவர் ஒத்துக்க மாட்டாரு, கெடப்புல போட்டுடுவாரு. அமீருங்க, அதாவது மம்லூக் படைத்தளபதிங்க, போய் சுல்தான் பைபர்ஸ்கிட்ட முறையிட, அவர் 1265-ல ஒரு முடிவு எடுத்தாரு: ஒரு தலைமை காஜி வேண்டாம், நாலு மரபுக்கும் நாலு பேர். ஷாஃபிக்கு மட்டும் அனாதைப் பிள்ளைங்க சொத்து மாதிரி சில பொறுப்புகள தனியா விட்டாரு. அடுத்த வருஷம் டமாஸ்கஸ்லயும் இதே ஏற்பாடு வந்துச்சு.

இத அதிகாரத்தைப் பிரிச்சு ஆள்ற தந்திரம்னு மட்டும் சிலர் எழுதறாங்க, அதுல உண்மை இருக்கலாம், ஆனா சாதாரண ஜனங்களுக்கு இதுல என்ன கெடச்சுதுன்னு பாக்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. வியாபாரத்துக்குப் போன புருஷன் திரும்பி வரல, உயிரோட இருக்கானா இல்லையான்னே தெரியல, அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? ஹனஃபி சட்டப்படி அவன் வயசுக்காரங்க எல்லாரும் செத்துப்போற காலம் வரைக்கும் காத்திருக்கணும், அப்படின்னா அவ வாழ்க்கையே முடிஞ்சுது. மாலிகி சட்டத்துல நாலு வருஷம், அப்புறம் புருஷன் செத்தா இருக்க வேண்டிய இத்தாங்கற காத்திருப்புக் காலம், அது முடிஞ்சா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம். ஒரே ஊர்ல நாலு காஜியும் இருக்கறப்ப அவ மாலிகி காஜிகிட்ட போகலாம். அவர் குடுத்த தீர்ப்ப மத்த மூணு பேரும் ஒத்துகிட்டே ஆகணும். சட்டப் புத்தகத்துல ஒரு எழுத்தும் மாறல, ஆனா ஒரு வாசல் கூடுதலா தொறந்துச்சு. இது எல்லா நேரமும் நல்லதுக்கே போச்சுன்னு சொல்ல மாட்டேன், மார்க்கத்தை இழிவுபடுத்தினான்னு குற்றம் சுமத்தற வழக்குல மாலிகி சட்டம் ரொம்பக் கடுமை, தப்பு ஒத்துகிட்டு மன்னிப்பு கேட்டாலும் விடாது, அதனால ஒருத்தரை ஒழிச்சுக்கட்ட நெனக்கறவங்களும் அதே மாலிகி வாசலத்தான் தேடிப் போனாங்க.

இப்போ காஜி முன்னாடி ஒரு வழக்கு எப்படி நடக்கும்னு கிட்டப் போய்ப் பாக்கலாம். ஒரு துணி வியாபாரி செத்துட்டாரு, அவர்கிட்ட இன்னொருத்தர் 50 தினார் கடன் வாங்கியிருந்தாருன்னு விதவை சொல்றா, அந்த ஆள் நான் வாங்கவே இல்லங்கறான், அப்படின்னு வெச்சுக்கோங்க. காஜி மசூதியிலயோ மத்ரஸாவுலயோ உக்காந்திருப்பாரு, கெய்ரோவுல இதுக்குப் பேர்போன இடம் பைனுல் கஸ்ரைன் தெருவுல இருந்த ஸாலிஹிய்யா மத்ரஸா. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி உக்கார வைக்கணும், ஒருத்தரைப் பாத்து சிரிச்சு இன்னொருத்தரை மொறைக்கக் கூடாது, கோவமா இருக்கறப்போ தீர்ப்பு சொல்லக் கூடாது, வழக்கு இருக்கறவன்கிட்ட அன்பளிப்பு வாங்கக் கூடாது, இதெல்லாம் காஜிக்கான ஒழுக்க நூல்கள்ல பக்கம் பக்கமா இருக்கு. அரசு வக்கீல்னு யாரும் கெடையாது, ஜூரி கெடையாது, நீதிபதி ஒரே ஒருத்தர்தான்.

அவர் முதல்ல அந்த ஆளைக் கேப்பாரு. ஒத்துகிட்டா அங்கயே முடிஞ்சுது. மறுத்தா விதவைகிட்ட திரும்புவாரு, ஏன்னா விதி இதுதான்: வழக்கு போடறவர் ஆதாரம் காட்டணும், மறுக்கறவர் சத்தியம் பண்ணணும். ஆதாரம்னா சாட்சி. ரெண்டு ஆம்பளைங்க, பண விஷயம்னா ஒரு ஆம்பளையும் ரெண்டு பொம்பளைங்களும். பத்திரம் இருந்தாலும் பத்திரம் மட்டும் போதாது, அதுல கையெழுத்து போட்டவங்க வந்து ஆமா நாங்க பாத்தோம்னு சொல்லணும். அவகிட்ட ஒரே ஒரு சாட்சிதான் இருக்குன்னா ஷாஃபி காஜி அந்த சாட்சியோட அவளோட சத்தியத்தையும் சேத்து ஏத்துக்குவாரு, ஹனஃபி காஜி ஏத்துக்க மாட்டாரு. சாட்சியே இல்லன்னா அந்த ஆள் சத்தியம் பண்ணணும், பண்ணிட்டா அவன் ஜெயிச்சான். பண்ணத் தயங்கினா? ஹனஃபின்னா அந்தத் தயக்கத்துக்கே அவனுக்கு எதிரா தீர்ப்பு, ஷாஃபின்னா சத்தியம் அவ பக்கம் திரும்பும், அவ சத்தியம் பண்ணிட்டா பணம் அவளுக்கு. இன்னிக்கு நமக்கு சத்தியம் ஒரு சம்பிரதாயம், அங்க வழக்கே அது மேலதான் திரும்பும்.

தீர்ப்புக்கு அப்புறமும் பணம் குடுக்கலன்னா காஜி அவன சிறையில வைக்கலாம், நிஜமாவே கையில ஒண்ணும் இல்லன்னு நிரூபணம் ஆனா விட்டுடணும். புதுசா பதவிக்கு வர்ற காஜி பண்ண வேண்டிய முதல் வேலையா 9-ம் நூற்றாண்டுலயே எழுதி வெச்சிருக்காங்க: பழைய காஜிகிட்ட இருந்து கட்டுக்கட்டா ஆவணங்கள வாங்கு, அப்புறம் சிறைக்கு ஆள் அனுப்பு, உள்ள இருக்கறவன் யாரு, எதுக்கு இருக்கான், யார் வழக்குல இருக்கான்னு ஒவ்வொருத்தனா விசாரி. அதுக்கு அடுத்தது அனாதைங்க சொத்தைப் பாத்துக்கறவங்ககிட்ட கணக்கு கேளு. புது வழக்கு எல்லாம் இதுக்குப் பின்னாடிதான். இந்த வரிசையை முதல்ல படிச்சப்போ மனசு கொஞ்சம் அசைஞ்சு போச்சு.

எல்லாம் சாட்சிதான்னா, சாட்சி நல்லவனான்னு எப்படித் தெரியும்? அங்கதான் "அத்ல்" வர்றாங்க, பன்மையில உதூல், அதாவது நேர்மையானவர்னு காஜி விசாரிச்சு பதிவு பண்ணின சாட்சிங்க. நாள் போகப்போக இது ஒரு தொழிலாவே ஆச்சு. நம்ம ஊர்ல பத்திர ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதறவங்க உக்காந்திருப்பாங்க இல்ல, அந்த மாதிரி இவங்களுக்கும் ஊருக்கு ஊர் தனியா கடையும் திண்ணையும் இருந்துச்சு, கல்யாணம், விற்பனை, கடன், வக்ஃபு (தர்மத்துக்குன்னு எழுதி வெக்கற சொத்து) எதுவானாலும் அவங்ககிட்ட போய் எழுதி கையெழுத்து வாங்கணும். மொத்த நீதியும் இவங்க தோள்ல நிக்குது, அதனால இவங்க கெட்டா எல்லாமே கெடும்.

கெட்டுச்சு. அதை உள்ள இருந்து பாத்து எழுதினவர் இப்னு கல்தூன், சமூகம் எப்படி எழும்புது எப்படி விழுதுன்னு எழுதி உலகப் பேர் வாங்கினவர். 1332-ல துனிஸ்ல பொறந்து, 50 வயசுல எகிப்துக்கு வந்து, 1384-ல சுல்தான் பர்கூக் கையால மாலிகி தலைமை காஜி ஆனாரு. உக்காந்ததும் அவர் பாத்தது, சாட்சிங்க பலர் அமீருங்க வீட்டு ஆளா இருக்காங்க, அவங்களுக்கு வேணுங்கற மாதிரி பத்திரத்தை வளைச்சு எழுதறாங்க, வக்ஃபு சொத்துல ஓட்டை போட்டு விக்க வழி பண்றாங்க, படிப்பே இல்லாதவங்க ஃபத்வா, அதாவது சட்டக் கருத்து, குடுத்துட்டு திரியறாங்க. இவர் வெளியூர்க்காரர், சொந்தம் பந்தம் இல்ல, யார் சிபாரிசுக்கும் அசையல, பலரைத் தண்டிச்சாரு. அவங்க எல்லாம் சேந்து சுல்தான்கிட்ட புகார் மேல புகார் போட்டாங்க. அதே சமயத்துல துனிஸ்ல இருந்து அவர் குடும்பத்தை ஏத்திட்டு வந்த கப்பல் மூழ்கிப் போச்சு. ஒரு வருஷம் முடியறதுக்குள்ள பதவி போச்சு. அப்புறம் 14 வருஷம் கழிச்சு மறுபடி கூப்பிட்டாங்க, மறுபடி எடுத்தாங்க, இப்படி மொத்தம் ஆறு தடவை, 1406-ல ஆறாவது தடவை பதவியில இருக்கறப்போதான் இறந்தாரு. சட்டம் அறிஞர் கையில, நாற்காலி சுல்தான் கையில, இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டினா என்ன ஆகும்னு இவர் வாழ்க்கையைப் பாத்தே புரிஞ்சுக்கலாம்.

அடுத்த வாசல் முஹ்தஸிப். கடைத்தெரு இவர் கையில. எடைக்கல்லு சரியா, அளவை சரியா, பால்ல தண்ணி கலக்கறானா, காசு நல்ல காசா, கழுதை மேல அளவுக்கு மீறி சுமை ஏத்தறானா, எல்லாம் இவர் பாக்கணும். காஜி மாதிரி இவர் யாராவது வந்து வழக்கு போடட்டும்னு காத்திருக்க மாட்டாரு, ஆளுங்களோட தெருவுல சுத்தி வந்து கண்ணுல பட்டதை அங்கயே புடிப்பாரு. ஆனா சாட்சி விசாரிச்சு முடிவு பண்ண வேண்டிய தகராறுல கை வைக்கக் கூடாது, அது காஜி எல்லை. எடை மோசடி, விற்பனையில ஏமாத்து, பணம் வெச்சுகிட்டே ஒத்துகிட்ட கடனை இழுத்தடிக்கறது, இந்த மாதிரி வெளிப்படையான விஷயம் மட்டும்தான் இவருக்கு.

முஹ்தஸிப்புக்காக எழுதின கையேடுங்க இன்னிக்கும் இருக்கு. 12-ம் நூற்றாண்டு சிரியாவுல ஷைஸரி எழுதினதுல ரொட்டிக்கடைப் பகுதி மட்டும் சொல்றேன். மாவு பிசையறவன் காலாலயோ முழங்காலாலயோ முழங்கையாலயோ பிசையக் கூடாது. கை ஒடுங்கின சட்டை போட்டிருக்கணும். பேசினாலோ தும்மினாலோ மாவுல தெறிக்கும், அதனால முகத்தை துணியால மூடிக்கணும். வேர்வை சொட்டாம நெத்தியில வெள்ளைத் துணி கட்டிக்கணும். கையில முடி விழாம சிரைச்சிருக்கணும். பகல்ல பிசைஞ்சா பக்கத்துல ஒருத்தன் ஈ ஓட்டிட்டு நிக்கணும். 800 வருஷத்துக்கு முன்னாடி! வைத்தியருங்களையும் விட்டு வைக்கல, ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழியை அவங்க வாயால சொல்ல வைக்கணும்னு அதே நூல்ல இருக்கு. கெய்ரோவோட பெரிய வரலாற்று ஆசிரியர் மக்ரீஸி 1399-ல இந்த வேலையில இருந்தவர்தான், தானிய விலையும் காசு மதிப்பும் பத்தி அவர் எழுதினதுல அந்த அனுபவம் தெரியும்.

வாலியைப் பத்தி சுருக்கமாப் போதும், அவர் நகரப் போலீஸ் தலைவர் மாதிரி, திருட்டு, அடிதடி, ராத்திரி காவல், தீ விபத்து இதெல்லாம் அவர் தலையில. காஜி மாதிரி ரெண்டு சாட்சி இருந்தாத்தான்னு நிக்க மாட்டாரு, சந்தேகத்து மேலயே புடிப்பாரு, அடிச்சும் விசாரிப்பாரு. ஜனங்களுக்கு பயம் இவர்கிட்டதான் அதிகம்.

இப்போ பெரிய கேள்வி. உன் நிலத்தைப் புடுங்கினவன் ஒரு அமீர், ஆயுதம் வெச்சிருக்கறவன், காஜி ஆளனுப்பினா வரவே மாட்டான், அப்போ என்ன பண்றது? அதுக்குத்தான் "மளாலிம்", அநியாயங்கள்னு அர்த்தம். ஆட்சியாளரே நேர்ல உக்காந்து மனு வாங்கற இடம். பக்கத்துல காஜிங்களும் எழுத்தர்களும் காவலர்களும் இருப்பாங்க. காஜிக்கு இல்லாத வசதி இங்க உண்டு, மிரட்டலாம், தள்ளி வைக்கலாம், ஆள் வெச்சு சமரசம் பண்ணச் சொல்லலாம், தீர்ப்பை உடனே நடத்தியும் வைக்கலாம்.

மம்லூக்குங்களுக்கு முன்னாடி சிரியாவை ஆண்ட நூருத்தீன் டமாஸ்கஸ்ல இதுக்குன்னே ஒரு கட்டடம் கட்டினாரு, பேரு தாருல் அத்ல், நீதி வீடு. அவர் ஆண்டது 1146-ல இருந்து 1174 வரை. அவரோட தளபதிங்க, முக்கியமா ஷிர்கூஹ், அக்கம்பக்கத்து நிலத்தை எல்லாம் வளைச்சிட்டு இருந்தாங்க, காஜிக்கு மத்தவங்க மேல கை நீண்டுச்சு, ஷிர்கூஹ் மேல மட்டும் நீளல. வரலாற்று ஆசிரியர் இப்னு அல்-அஸீர் எழுதி வெச்சிருக்கறபடி, கட்டடம் எழும்புற சேதி கேட்டதுமே ஷிர்கூஹ் தன் காரியஸ்தருங்களக் கூப்பிட்டு, இத என் ஒருத்தனுக்காகத்தான் கட்டறாரு, உங்கள்ல எவனாலயாவது நான் அந்த வாசல்ல போய் நிக்க வேண்டி வந்தா தொலைச்சிடுவேன், யார் யாருக்கு நம்மகிட்ட தகராறு இருக்கோ, என் சொத்து பூரா போனாலும் சரி, போய் முடிச்சுட்டு வாங்கன்னு சொன்னாராம். முடிச்சாங்க. கதவு தொறந்து நூருத்தீன் உக்காந்தப்போ ஷிர்கூஹ் மேல ஒரு புகாரும் வரல.

கெய்ரோவுல திங்களும் வியாழனும் சுல்தான் கோட்டையில உக்காருவாரு, நாலு தலைமை காஜியும் பக்கத்துல, சுல்தானுக்கு அரபு சரளமா வராமப் போகலாம், அதனால மனுவை அதிகாரி படிப்பாரு, ஷரீஅத் விஷயம்னா காஜிங்ககிட்ட கேப்பாரு, படை விஷயம்னா படை ஆபீஸ்காரங்ககிட்ட கேப்பாரு. அந்த மனுவுக்கு பேரு கிஸ்ஸா. நம்ம தமிழ் முஸ்லிம் இலக்கியத்துல கதைப்பாட்டுக்கு கிஸ்ஸான்னு பேர் உண்டு இல்ல, அதே வார்த்தைதான், தன் கதையைச் சொல்றதுதானே மனு.

ஆனா ஆட்சியாளர் வாசல் நல்லதாவே நின்னுடும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. 1350-கள்ல பாரசீக வியாபாரிங்க, எங்களுக்கு வர வேண்டிய கடன் காஜி கோர்ட்ல மாட்டிகிட்டு வரவே மாட்டேங்குதுன்னு முறையிட, சுல்தான் ஹாஜிப்ங்கற ராணுவ அதிகாரியை விசாரிக்கச் சொன்னாரு, அவர் அடிச்சு வசூல் பண்ணினாரு. அதுல இருந்து ஹாஜிப் கொஞ்சம் கொஞ்சமா காஜி எல்லைக்குள்ள வந்துட்டாருன்னு மக்ரீஸி மனசு வெந்து எழுதறாரு. இன்னிக்கும் கடன் வசூலுக்கு கோர்ட்டு வேண்டாம்னு வேற யாரையாவது தேடறவங்க இருக்காங்க, அதனால அந்தப் பக்கத்தைப் படிக்கறப்போ எனக்கு பழசாவே தோணல.

இனி அரசோட எழுத்து வேலை நடந்த திவான். திவான்ங்கறது ஆபீஸ், இலாகா. ஆரம்பத்துல யாருக்கு எவ்வளவு சம்பளம்னு எழுதற பதிவேடு, அப்புறம் அந்தப் பதிவேடு இருக்கற இடத்துக்கும் அதே பேர். மம்லூக் காலத்துல எந்த வீரனுக்கு எந்த ஊர் வருமானம்னு எழுதற படை திவான், வரி, கஜானா பாக்கறது, கடிதங்களையும் ஆணைகளையும் எழுதற இன்ஷா திவான், இதெல்லாம் முக்கியம். இன்ஷாவோட தலைவருக்கு காத்திப் அல்-சிர்ன்னு பேர், ரகசிய எழுத்தர், சுல்தானுக்கு வர்ற தபாலைப் பிரிச்சுப் படிச்சுக் காட்டறவர். பைபர்ஸ் அமைச்ச குதிரைத் தபால் கெய்ரோவுல இருந்து டமாஸ்கஸுக்கு நாலு நாள்ல போய்ச் சேரும். கணக்கு ஆபீஸ்ல காப்டிக் கிறிஸ்தவங்களும், அந்தக் குடும்பங்கள்ல இருந்து மதம் மாறினவங்களும் தலைமுறை தலைமுறையா இருந்தாங்க, நிலக்கணக்கு அவங்க விரல் நுனியில. கிறிஸ்தவங்களுக்கும் யூதருங்களுக்கும் சொந்தமா நியாயம் பாக்கற ஏற்பாடு தனியா இருந்துச்சு, ஆனாலும் பல பேர் விருப்பப்பட்டு காஜிகிட்ட வந்து பத்திரம் பதிவு பண்ணிகிட்டாங்க.

15-ம் நூற்றாண்டுல காஜி பதவியையே காசு குடுத்து வாங்கற நிலைமை வந்துச்சு. போட்ட காசை எடுக்கணும்னா எங்க இருந்து எடுப்பாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.

கடைசியா ஒண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. இவ்வளவும் வரலாற்று ஆசிரியருங்களும் சட்ட நூல்களும் சொன்னது, மம்லூக் காலத்து காஜி கோர்ட்டுப் பேப்பர் ரொம்பக் குறைவாத்தான் தப்பிச்சுது. 1974-லயும் 1976-லயும் ஜெருசலேம்ல அல்-அக்ஸா மசூதி இருக்கற ஹரம் வளாகத்துல உள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்துல கிட்டத்தட்ட 900 ஆவணங்கள் கெடச்சுது. பெரும்பாலும் 1390-கள்ல அங்க இருந்த ஷாஃபி காஜி ஷரஃபுத்தீன் கூட சம்பந்தப்பட்டது. பெரிய பெரிய வழக்குன்னு எதிர்பாத்தா, அதுல அதிகமா இருக்கறது சொத்துப் பட்டியல். சாகப் போறவங்க வீட்டுக்கு, இல்ல செத்துப்போனவங்க வீட்டுக்கு காஜியோட ஆளுங்க போய், என்ன இருக்கு, வாரிசு யாரு, யாருக்கு கடன், யார்கிட்ட இருந்து வரணும்னு எழுதிட்டு வர்றாங்க. புனித ஊருக்கு வந்து அங்கயே தங்கிட்ட தூரதேசத்துப் பொம்பளைங்க பேர் நிறைய. பணம்னு பெருசா ஒண்ணும் இருக்காது. உடுத்தற துணி, மெத்தை, தலகாணி, போர்வை, செம்புப் பாத்திரம்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லி எழுதி, அடியில தேதி போட்டு, அதுக்குக் கீழ சாட்சிங்க கையெழுத்து போட்டிருக்காங்க.